இரண்டு தம்பிடி வரியும் இருபது ரூபாய் வரம்பும்

1922ஆம் ஆண்டு பிரிட்டிஷ் இந்திய அரசு வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கான இறக்குமதி வரியைக் குரோஸுக்கு ஒன்றரை ரூபாயாக உயர்த்தியது. ஒரு குரோஸ் 144 பெட்டி. கணக்குப் போட்டால் பெட்டிக்குச் சரியாக இரண்டு தம்பிடி. அதற்கு முந்தைய ஆண்டுதான் வரி 12 அணாவாக, அதாவது முக்கால் ரூபாயாக இருந்தது. ஒரே ஆண்டில் இரட்டிப்பாகிவிட்டது. இந்தியத் தொழிலைக் காப்பாற்றும் எண்ணம் இதில் துளியும் இல்லை. முதல் உலகப் போர் முடிந்து கஜானா வறண்டிருந்தது. ஏழை, பணக்காரர் என்ற பேதமில்லாமல் எல்லா வீட்டிலும் வாங்கும் பொருளுக்கு வரி போட்டால் வசூலுக்குக் குறைவிருக்காது என்பதுதான் கணக்கு.

அந்தக் கணக்கு தவறிப்போனது. வரி, பொருளின் விலைக்கே ஏறக்குறைய ஈடாக இருந்ததால் இறக்குமதி மளமளவென்று குறைந்தது. பம்பாயைச் சுற்றியும் கல்கத்தாவைச் சுற்றியும் தீப்பெட்டித் தொழிற்சாலைகள் முளைத்தன. திருநெல்வேலிச் சீமையின் வறண்ட கரிசல் காட்டிலும் ஒன்று முளைத்தது. வசூலுக்காகப் போட்ட வரி, யாரும் திட்டமிடாமலே ஒரு நாட்டின் தொழிலுக்குப் பாதுகாப்பாக மாறியது.

வெளிநாட்டுப் பொருளா, உள்நாட்டுப் பொருளா என்ற கேள்வி எல்லைப் பதற்றம் வரும்போதெல்லாம் நம்மிடையே எழுகிறது. 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கு மோதலுக்குப் பிறகு சீனப் பொருட்களைப் புறக்கணிக்கும் குரல்கள் வீதிதோறும் கேட்டன. அந்தக் குரல்கள் எல்லாமே வாங்குபவரின் மனச்சாட்சியைத்தான் நோக்கியவை. நாம் எதை வாங்குகிறோம் என்பதைப் பொறுத்தே நாட்டின் தொழில் வாழும் அல்லது சாகும் என்று அவை சொல்கின்றன. இதில் உண்மை உண்டு, ஆனால் பாதிதான். மீதிப் பாதியைப் பார்க்கத் தீப்பெட்டியைவிடப் பொருத்தமான பொருள் இல்லை. நூறு ஆண்டுகளில் இறக்குமதி, வரி, வரியைத் தாண்டி உள்ளே வந்த அந்நிய நிறுவனம், சிறுதொழில் சலுகை, அந்தச் சலுகையின் கறைகள், மறுபடியும் இறக்குமதி என்று இந்தக் கேள்வியின் எல்லா முகங்களையும் அது கண்டுவிட்டது.

ஆபத்தில்லாத தீக்குச்சியை 1844இல் கண்டுபிடித்தவர் சுவீடனின் குஸ்தாஃப் பாஷ். குச்சியின் தலையில் ஒரு ரசாயனம், பெட்டியின் பக்கவாட்டில் சிவப்பு பாஸ்பரஸ். இரண்டும் உரசினால்தான் தீப்பிடிக்கும். சுவீடன் அதை உலகமெல்லாம் விற்றது. 1870களின் நடுவில், பிரான்சில் படித்துத் திரும்பிய சிமிசு மகோதோ ஜப்பானில் தீக்குச்சி செய்யத் தொடங்கினார். சில பத்தாண்டுகளில் ஜப்பான் ஆசியச் சந்தையில் சுவீடனுக்குப் போட்டியாக நின்றது. முதல் உலகப் போரில் ஐரோப்பியக் கப்பல்களின் வரத்து குறைந்ததும் இந்தியச் சந்தையின் பெரும்பகுதி ஜப்பானின் கைக்குப் போனது. ஜப்பான் வெற்றி கண்டதற்கு, பெட்டி ஒட்டுவது போன்ற வேலைகளை வீடுகளுக்குக் கொடுத்துச் செய்து வாங்கியது ஒரு முக்கியக் காரணம். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் வரும்.

அந்தக் காலத்தில் இந்தியர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. 1895இலேயே அகமதாபாத்தில் குஜராத் இஸ்லாம் தீப்பெட்டித் தொழிற்சாலை தொடங்கிவிட்டது. வங்காளத்தில் சுதேசி ஆர்வம் அதற்கும் முன்பே கிளம்பியது. ரவீந்திரநாத் தாகூர் தன் நினைவுக்குறிப்பான ‘ஜீவன்ஸ்மிருதி’யில், இளமையில் தானும் தன் அண்ணனும் சேர்ந்திருந்த குழு சுதேசித் தீக்குச்சி செய்ய முயன்றதை எழுதியிருக்கிறார். சில பெட்டிகளைச் செய்து முடிக்க ஆன செலவில் ஓராண்டுக்கு அடுப்பெரித்திருக்கலாம் என்பதும், பக்கத்தில் வேறு நெருப்பு இருந்தால்தான் அந்தக் குச்சிகள் பற்றிக்கொண்டன என்பதும் அவர் தரும் செய்தி. அவர்களிடம் நாட்டுப்பற்றுக்குக் குறைவில்லை. மரத்தை எந்தப் பதத்தில் சீவுவது, மருந்தில் பசையை எவ்வளவு சேர்ப்பது, மழைக்காலத்தில் எப்படி உலர்த்துவது என்று சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்லை.

1905க்குப் பிறகான சுதேசி இயக்கத்துக்கும் இதே பாடம்தான் கிடைத்தது. தூத்துக்குடியில் 1906இல் வ.உ. சிதம்பரம் பிள்ளை தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கத்துக்கு மக்களின் ஆதரவு பெருகி வந்தது. ஆனால் எதிரில் நின்ற பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனம் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனது. எவ்வளவு நஷ்டத்தையும் தாங்கிக்கொள்ள அதற்குப் பின்பலம் இருந்தது; அரசும் அதன் பக்கமே நின்றது. 1908இல் வ.உ.சி. சிறைக்குப் போனார். 1911இல் சங்கம் கலைக்கப்பட்டது. மக்கள் விரும்பாததால் அந்தக் கப்பல்கள் நிற்கவில்லை. அவர்களின் விருப்பம் பலன் தரும்வரை தாக்குப்பிடிக்கும் முதலும், ஆதரவான அரசும் இல்லாமல் போயின.

தீப்பெட்டிக்கு மட்டும் தற்செயலாக அந்த அவகாசம் கிடைத்தது. 1922 வரியை உடைத்துக்கொண்டு முதலில் உள்ளே வந்ததும் ஓர் அந்நிய நிறுவனம்தான். 1917இல் பல நிறுவனங்களை இணைத்து இவார் க்ரூகர் உருவாக்கிய சுவீடிஷ் மேட்ச் கம்பெனி, அப்போது நாடுகளுக்குக் கடன் கொடுத்துப் பதிலுக்குத் தீப்பெட்டி ஏகபோகத்தை வாங்கும் அளவுக்குப் பெரிய நிறுவனமாக வளர்ந்துகொண்டிருந்தது. கப்பலில் கொண்டுவந்தால்தானே வரி என்று, 1923இல் வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்ற பெயரில் பம்பாய்க்கு அருகே அம்பர்நாத்தில் தொழிற்சாலை வைத்தது. விம்கோ என்று நாம் அறிந்த நிறுவனம் இதுதான். பிறகு கல்கத்தா, பரேலி, சென்னைத் திருவொற்றியூர் என்று பரவியது. வடசென்னையில் இன்றும் விம்கோ நகர் இருக்கிறது. மெட்ரோ ரயில் நிலையத்துக்கும் அந்தப் பெயர்தான்.

மற்றவர்கள் இன்னொரு வழியைக் கண்டார்கள். முழுத் தீப்பெட்டிக்குத்தானே வரி என்று, மருந்து முக்காத குச்சிகளையும் பெட்டிக்கான மெல்லிய மரச்சீவல்களையும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார்கள். அவற்றை இங்கே ஒட்டி, மருந்து முக்கி, இந்தியத் தயாரிப்பு என்று விற்றார்கள். அரசு விழித்துக்கொண்டு 1924இல் குச்சிக்கும் சீவலுக்கும் தனியாக வரி போட்டது. அதன் பிறகும் பம்பாய்ப் பக்கத்துத் தொழிற்சாலைகள் பலவற்றுக்கு ஆஸ்பென் மரம் முழு மரமாகவே கடல் கடந்து வந்தது. பெட்டியில் ‘இந்தியாவில் செய்தது’ என்று போட்டிருந்தாலும் அதன் மரம் அந்நியம், இயந்திரம் அந்நியம், சில இடங்களில் முதலாளியும் அந்நியர். தொழிலாளி மட்டும் இந்தியர். உள்நாட்டுப் பொருள் எது என்று சொல்வதற்கு இறக்குமதிப் பட்டியலை மட்டும் பார்த்தால் போதாது என்பது நூறு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்துவிட்டது.

சிவகாசிக் கதை இந்தச் சூழலில் தொடங்குகிறது. 1922இல் உறவினர்களான அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்குப் போனார்கள். அங்கே பூர்ண சந்திர ராய் என்பவரிடம் தொழில் பழகினார்கள். அடுத்த ஆண்டு ஊர் திரும்பி ஜெர்மன் இயந்திரங்களோடு ஆரம்பித்தார்கள். இயந்திரம் தங்கள் ஊருக்குக் கட்டுப்படியாகாது என்பது சீக்கிரமே தெரிந்தது, கைவேலைக்கு மாறினார்கள். அவர்கள் எடுத்த அந்த முடிவில்தான் இந்தத் தொழிலின் வரலாறு திரும்பியது என்று நினைக்கிறேன். சுவீடனின் பெருந்தொழிற்சாலை முறையை விட்டுவிட்டு, ஜப்பான் கடைப்பிடித்த, வேலையைப் பலருடைய கைகளுக்குப் பிரித்துக்கொடுக்கும் முறையை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

கரிசல் வட்டாரத்துக்கு அது பொருந்தியது. மழை குறைந்த ஊர். பெட்டியும் மருந்து முக்கிய குச்சியும் காய்வதற்கு வெயில் உண்டு. மானாவாரி விவசாயத்தில் ஆண்டில் பாதி நாள் வேலை கிடையாது. நாடார் வணிகர்களிடம் மகமை என்ற பொது நிதி வைக்கும் வழக்கமும், ஊர் ஊராகக் கிளை விட்டிருந்த வியாபாரத் தொடர்பும், ஒருவரை ஒருவர் நம்பிக் கடன் கொடுக்கும் பழக்கமும் இருந்தன. குச்சிக்கும் பெட்டிக்கும் வேண்டிய மெதுமரம் மலைக்கு அப்பால் கேரளத்தில் கிடைத்தது. சிவகாசியில் தொடங்கி சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் என்றும், வடக்கே குடியாத்தம் வரைக்கும் ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்று மக்கள் அழைக்கும் கொட்டகைகள் எழுந்தன.

இறக்குமதி குறைந்து வரி வருவாய் போனதும் அரசு அந்தப் பணத்தை உள்நாட்டிலேயே தேடியது. 1934இல் தீப்பெட்டி உற்பத்தி வரிச் சட்டம் வந்தது. வரி கட்டியதற்கு அடையாளமாக ஒவ்வொரு பெட்டியிலும் ‘பேண்ட்ரோல்’ என்ற முத்திரைச் சீட்டை ஒட்ட வேண்டியிருந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய பலருக்கு அந்தச் சீட்டைக் கிழித்துப் பெட்டியைத் திறந்தது நினைவிருக்கும். இந்த உற்பத்தி வரியில்தான் இந்தக் கதையின் முக்கியமான கருவி இருந்தது. இயந்திரத்தில் செய்பவருக்கு ஒரு விகிதம், கையால் செய்பவருக்கு அதைவிடக் குறைவு, மிகச் சிறிய ஆபீஸுக்கு இன்னும் குறைவு என்று சுதந்திரத்துக்குப் பின் படிப்படியாகப் பிரித்தார்கள். சுவீடனின் இயந்திரத்தோடு கரிசல் காட்டுப் பெண்ணின் கை போட்டிபோட முடிந்ததற்கு இந்த வரி இடைவெளி பெரிய காரணம். சில பத்தாண்டுகளில் சந்தையின் பெரும்பகுதி தெற்கின் கைத்தொழிலுக்கு வந்துவிட்டது. 2005இல் சுவீடிஷ் மேட்ச் விம்கோவில் தனக்கிருந்த பங்குகளை ஐ.டி.சி. குழுமத்துக்கு விற்றுவிட்டு வெளியேறியது.

இதை வெற்றிக்கதையாகச் சொல்லி முடித்துவிடலாம். பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். என்னால் முடியாது.

சலுகை சிறியவருக்குத்தான் என்றால், வளர்வது நஷ்டம். 1967இல் வந்த ஓர் அறிவிப்பின்படி, ஆண்டுக்கு 7.5 கோடிக் குச்சிகளைத் தாண்டமாட்டோம் என்று உறுதி கொடுத்தவர்களுக்கு வரி குறைவு. பெரிய முதலாளிகள் தங்கள் ஆபீஸைத் துண்டு துண்டாக்கிப் பல பெயர்களில் இந்தச் சலுகையைப் பெறுவதைத் தடுக்கவே அறிவிப்பில் ஒரு குறிப்பிட்ட தேதி வரம்பு வைக்கப்பட்டது. பரமேஸ்வரன் மேட்ச் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1974இல் அந்தத் தேதி வரம்பை ஏற்றுக்கொண்டது. அதனால் ஆபீஸைத் துண்டாக்கும் ஆசை போய்விடவில்லை. சின்னதாகவே இருப்பதற்குப் பரிசு கொடுக்கும் வரி முறையில், புது இயந்திரம் வாங்கவோ, பாதுகாப்பான கட்டடம் கட்டவோ, வேறு பொருளுக்கு மாறவோ யாருக்கும் உந்துதல் இருக்காது.

அதைவிடப் பெரிய கறை குழந்தைகள். விடியுமுன்னே கிராமத்துக்கு வரும் பஸ்ஸில் ஏறிப் போய், இருட்டிய பிறகு திரும்பிவந்த பிள்ளைகள். குச்சிகளைச் சட்டத்தில் ஒவ்வொன்றாக அடுக்குவதும், பெட்டி ஒட்டுவதும், பெட்டிக்குள் குச்சி அடைப்பதும் சின்ன விரலுக்கு ஏற்ற வேலை என்று சொல்லிப் பள்ளியிலிருந்து பிடுங்கப்பட்ட பிள்ளைகள். 1990இல் சலம் பென்னூர்க்கர் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படம் அவர்களின் முகங்களை வெளியுலகத்துக்குக் காட்டியது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறி அமர்த்தும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நலநிதிக்குக் கட்ட வேண்டும், அந்தக் குடும்பத்தில் வயதுவந்த ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும் என்றது.

1980இல் பெட்டிக் கடைக்காரர் முன்னால் நின்ற, நாட்டுப்பற்றும் நல்ல மனமும் உள்ள ஒருவரை நினைத்துப் பார்க்கிறேன். ஒரு பக்கம் திருவொற்றியூரில் சங்கமும் நிரந்தர வேலையும் உள்ள தொழிலாளர்கள் செய்த, சுவீடிஷ் முதலாளியின் பெட்டி. இன்னொரு பக்கம் முழுக்க முழுக்க நம்மவர் முதலும் நம்மவர் உழைப்பும் கொண்ட பெட்டி. ஆனால் அதில் எட்டு வயதுப் பிள்ளையின் உழைப்பும் இருக்கலாம். எது சுதேசி? லாபம் எங்கே போகிறது என்று பார்த்தால் ஒரு பதில். கூலி யாருக்குப் போகிறது, எவ்வளவு போகிறது என்று பார்த்தால் வேறு பதில். உள்நாட்டுப் பொருளை வாங்கு என்ற அறைகூவல் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கவே இல்லை. அதனால் நாட்டின் பெயரால் கிடைத்த பாதுகாப்புக்குப் பின்னால் நாட்டின் பிள்ளைகளே நசுங்கினார்கள். இன்று அந்த வட்டாரத்தில் குழந்தை உழைப்பு பெருமளவு ஒழிந்திருக்கிறது என்றால், கடை முன்னால் நின்றவர்கள் எதை வாங்கினார்கள் என்பது அதற்குக் காரணமில்லை. வழக்கு, சட்டம், ஆய்வாளர்களின் சோதனை, பள்ளி, மதிய உணவு, பெற்றோரின் விழிப்பு எல்லாம் சேர்ந்துதான் அது நடந்தது.

இதெல்லாம் போக, இந்தத் தொழில் நாட்டுக்குக் கொடுத்த ஒரு பெரிய லாபம் தீப்பெட்டிக் கணக்கில் வராது. பெட்டிக்கு மேலே லேபிள் ஒட்ட வேண்டும். வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்பதால் படம் கண்ணைப் பறிக்க வேண்டும். அணில், மயில், காளை, சாமி, சினிமா முகம். ஆரம்பத்தில் வெளியூரில் அச்சடித்து வரவழைத்த இந்த லேபிள்களுக்காக ஊரிலேயே லித்தோ அச்சகங்கள் வந்தன. லேபிளுக்காக வந்த அச்சகம் நாட்காட்டி போட்டது. பிறகு பாடநூல், டைரி, அட்டைப்பெட்டி, ஆஃப்செட் என்று வளர்ந்தது. மருந்தைக் கையாளப் பழகியவர்கள், போர்க் காலத்தில் வெளிநாட்டுப் பட்டாசு வரத்து நின்ற 1940களின் தொடக்கத்தில் பட்டாசுக்குத் தாவினார்கள். ஒரு தொழிலைத் தாங்கிய பாதுகாப்பு இன்னும் இரண்டு தொழில்களைப் பெற்றெடுத்தது. அச்சுத் தொழிலுக்குச் சுங்க வரிச் சலுகை எதுவும் பெரிதாகத் தேவைப்படவில்லை. தன் திறனிலேயே நாடெங்கும் வேலை பிடித்தது.

உள்நாட்டுப் பொருளை வாங்குவதால் வரும் உண்மையான பலன் இதுதான் என்று கருதுகிறேன். பெட்டிக்கு விலையாகக் கொடுத்த காசு ஊருக்குள் சுற்றுவது ஒரு பலன். ஒரு பொருளைச் செய்யப் பழகிய கை அடுத்த பொருளுக்குத் தாவுவது அதைவிடப் பெரிய பலன். வெளிநாட்டிலிருந்து முடிந்த பொருளாக வாங்கும் நாட்டுக்கு இந்த இரண்டாவது பலன் கிடைப்பதே இல்லை. பாகங்களை வரவழைத்து ஒட்டும் நாட்டுக்கும் அது மிகக் குறைவாகவே கிடைக்கும்.

இனி லைட்டர். பத்து ரூபாய்க்கும் அதற்குக் குறைவாகவும் விற்ற, எரிவாயு தீர்ந்ததும் எறிந்துவிடும் பிளாஸ்டிக் லைட்டர்கள் பெரும்பாலும் சீனாவிலிருந்து வந்து பெட்டிக் கடைகளை நிறைத்தன. 2022 செப்டம்பரில் தமிழக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ஒன்றிய அரசுக்கு எழுதிய கடிதத்தில், ஒரு லைட்டர் இருபது தீப்பெட்டிகளின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்று சுட்டிக்காட்டித் தடை கேட்டார். தீப்பெட்டி விலையோ 14 ஆண்டுகளுக்குப் பிறகு, 2021 டிசம்பர் 1 முதல் ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயாக உயர்ந்திருந்தது. பாஸ்பரஸ், மெழுகு, அட்டை என்று எல்லா மூலப்பொருளின் விலையும் ஏறிவிட்டதே காரணம். அதற்கும் முன்பே, 2020 ஏப்ரல் 1 முதல் கைத்தீப்பெட்டிக்கு 5 சதவீதமும் மற்றவற்றுக்கு 18 சதவீதமுமாக இருந்த ஜி.எஸ்.டி. எல்லாவற்றுக்கும் 12 சதவீதமாக மாறியிருந்தது. அதோடு, கையை இயந்திரத்திடமிருந்து பல பத்தாண்டுகளாகக் காத்துவந்த வரி இடைவெளியும் போனது. அதே காலத்தில் லைட்டர் வெளியிலிருந்தும் அடித்தது.

2023 ஜூன் 29 அன்று ஒன்றிய வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகம், துறைமுகம் வந்துசேரும் விலை 20 ரூபாய்க்குக் குறைவாக உள்ள சிகரெட் லைட்டர்களின் இறக்குமதியைத் தடை செய்தது. கோவில்பட்டியில் பட்டாசு வெடித்துக் கொண்டாடாத குறை. ஆனால் 1924இல் நடந்தது அப்படியே திரும்ப நடந்தது. முழு லைட்டருக்குத்தானே தடை என்று, பாகங்களாக வரவழைத்து இங்கே மூட்டி விற்றார்கள். 2024 அக்டோபரில் பாகங்களுக்கும் தடை வந்தது. முழுத் தீப்பெட்டிக்கு வரி போட்டு இரண்டாண்டில் குச்சிக்கும் சீவலுக்கும் வரி போட்ட அதே வரிசை, நூறு ஆண்டு கழித்து. அன்று அலுவலகங்களில் இருந்தவர்களின் கோப்புகளை இன்றைய அதிகாரிகள் படித்திருந்தால் பாகங்களையும் முதல் அறிவிப்பிலேயே சேர்த்திருக்கலாம்.

தடை சரியா? பொருளாதாரம் படித்தவர்களின் கேள்வி நியாயமானது. அதற்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். இருபது பெட்டிக்கு 40 ரூபாய், லைட்டருக்கு 10 ரூபாய். வாங்குபவருக்கு 30 ரூபாய் மிச்சம். அந்த 30 ரூபாய் ஆவியாகிவிடாது. டீக்கோ, காய்கறிக்கோ, பிள்ளையின் நோட்டுக்கோ போய் இன்னொரு இந்தியரின் வருமானமாகும். மலிவான இறக்குமதியால் நாடு ஏழையாகிவிடும் என்று சொல்பவர்கள் இந்தப் பாதியை மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் அந்த மிச்சம் நாடு முழுக்கத் தூறலாகச் சிதறுகிறது. இழப்போ நான்கைந்து தாலுகாக்களில் இடியாக இறங்குகிறது. கழுகுமலையில் இருபது வருடமாகச் சட்டத்தில் குச்சி அடுக்கிய நாற்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு, பெங்களூரில் புதிதாக உண்டான டெலிவரி வேலை எந்த வகையிலும் ஈடாகாது. அவருக்கு நிலமில்லை, ஊரை விட்டுப் போக முடியாத வீடு இருக்கிறது. அவருடைய கூலிதான் மகளின் கல்லூரிக் கட்டணம். இந்தத் தொழிலில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் இப்படிப்பட்ட பெண்கள். சராசரிக் கணக்கில் நாடு லாபமடையும் அதே நாளில் ஒரு வட்டாரம் நொடித்துப்போக முடியும். அந்த வட்டாரத்துக்கு அவகாசம் கொடுப்பது அரசின் கடமை என்பதால், நான் தடையின் பக்கம் நிற்கிறேன். ஒரே தடவையில் குப்பைக்குப் போகும் பிளாஸ்டிக்கைக் குறைக்கிறது என்பதும் அதன் பக்கம் இருக்கும் காரணம்.

அதே நேரம், லைட்டரைத் தடுத்தால் பழைய நாட்கள் திரும்பும் என்று கோவில்பட்டியில் யாராவது நம்பினால் அது ஏமாற்றம் தரும். தீப்பெட்டியின் தேவையைக் குறைத்தது சீனா மட்டும் இல்லை. மண்ணெண்ணெய் விளக்கு போய்விட்டது. விறகடுப்பு இருந்த வீடுகளில் எரிவாயு அடுப்பு வந்துவிட்டது. அதைப் பற்றவைக்கும் பொறி லைட்டர் பல ஆண்டு உழைக்கிறது, அதில் பெரும்பகுதி உள்நாட்டிலேயே செய்வது. மின்வெட்டும் முன்போல் இல்லை. இவற்றில் எதையும் தடுக்க முடியாது, தடுக்கக் கூடாது. அடுப்பங்கரையில் புகையில்லாமல் சமைக்கும் பெண்ணின் நன்மையும் தீப்பெட்டி ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் நன்மையும் இந்த இடத்தில் வேறு வேறு திசையில் போகின்றன. வெளிநாட்டுப் போட்டியால் வரும் இழப்பையும் காலமாற்றத்தால் வரும் இழப்பையும் பிரித்துப் பார்க்காத பாதுகாப்பு, இரண்டாவதற்கு மருந்தாக முதலாவதைத் தடுத்துக்கொண்டே இருக்கும்.

1921–22இல் இப்ராகிம் ரஹிம்துல்லா தலைமையில் இருந்த இந்திய நிதிக்கொள்கைக் குழு, ஒரு தொழிலுக்குச் சுங்கப் பாதுகாப்பு கொடுக்க மூன்று நிபந்தனைகளை விதித்தது. அந்தத் தொழிலுக்கு இயற்கையான வசதிகள் நாட்டில் இருக்க வேண்டும். பாதுகாப்பு இல்லாமல் அது வளராது என்ற நிலை இருக்க வேண்டும். காலப்போக்கில் பாதுகாப்பு இல்லாமலே உலகப் போட்டியைத் தாங்கும் நிலைக்கு அது வர வேண்டும். காலனி அரசின் குழு என்பதால் இந்த நிபந்தனைகளைத் தேசியவாதிகள் கடுமையாக விமர்சித்தார்கள். பல தொழில்களுக்குக் கதவை மூட அவை பயன்பட்டதால் அந்த விமர்சனத்தில் நியாயமும் இருந்தது. ஆனால் மூன்றாவது நிபந்தனையை இன்றைய அறிவிப்புகளோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்பேன். இந்தியச் சுங்கக் குழு தீப்பெட்டித் தொழிலை விசாரித்து 1928இல் அறிக்கை கொடுத்தபோது, தொழிற்சாலைகளின் செலவை எடுத்து ஆராய்ந்தது. 2023, 2024 அறிவிப்புகளோடு அப்படி எந்தக் கணக்கும் வரவில்லை. எத்தனை ஆண்டுக்கு இந்தத் தடை, அதற்குள் யார் எதைச் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் என்ன என்பதைப் பற்றி அவற்றில் ஒரு வரி கிடையாது.

இப்போது கிடைத்திருக்கும் அவகாசத்தில் செய்ய வேண்டியவை மிகத் தெளிவாகத் தெரிகின்றன. லைட்டர் என்பது ஒரு பிளாஸ்டிக் குப்பி, ஒரு சிறு வால்வு, தீப்பொறிக் கல், உரசும் சக்கரம், கொஞ்சம் திரவ வாயு. பொறியியல் பட்டறைகளுக்குப் பெயர்போன கோயம்புத்தூர் கோவில்பட்டியிலிருந்து ஒரு பகல் தூரம்தான். மறுபடி வாயு நிரப்பிக்கொள்ளும் நல்ல லைட்டரைத் தீப்பெட்டி உற்பத்தியாளர்கள் கூட்டாகச் செய்ய முன்வந்தால், அரசு பொதுச் சோதனைக்கூடமும் அச்சுவார்ப்புக் கருவிகளும் அமைத்துக்கொடுக்கலாம். தீப்பெட்டி ஏற்றுமதி இப்போதும் நடக்கிறது. ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போகும் பெட்டிகளின் தரத்தையும் பெட்டி வடிவத்தையும் உயர்த்தினால் அங்கேயும் இடம் பிடிக்கலாம். இயந்திரத்துக்கு மாறும் ஆபீஸில் வேலை இழக்கும் பெண்களை, பத்தாவது படித்திருந்தால் போதும் என்று சொல்லி இயந்திரம் ஓட்டவே பயிற்றுவிக்கலாம். ஆனால் இதற்கெல்லாம் ஒரு தேதி வேண்டும். தடை இத்தனையாம் ஆண்டு நீங்கும் என்று இன்றே அறிவித்துவிட்டு, அதற்கு முன்னால் ஆண்டுதோறும் அந்தப் பெண்களின் கூலி எவ்வளவு உயர்ந்தது, எத்தனை ஆபீஸ்கள் புதுப் பொருளுக்கு மாறின என்று கணக்கெடுத்து, கோவில்பட்டிக்கும் சாத்தூருக்கும் தெரியும்படி வெளியிட வேண்டும்.